உட்காருங்க அத்தை

அத்தை,

இன்று காலை வைட்ஃபீல்டில் நான் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்குள் ஒரு அம்மாள் இரும்பு தூக்கிக்கொண்டிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம் அது. அதன் தரையும் கண்ணாடியும் என் பொறுப்பு. அந்த அம்மாளுக்கு எழுபதை ஒட்டி வயது இருக்கும். இரண்டு கையிலும் கனத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்கிற பெண் பக்கத்தில் நின்று எண்ணினாள். எழும்போது அந்த அம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பாதி முனகல், பாதி திட்டு. என் கை அப்படியே நின்றுவிட்டது. அது உங்கள் சத்தம். பத்து முடிந்ததும் அவருடைய மகள் கை தட்டினாள். இதே வேலையை ஸ்ரீராம்புரம் சந்தில் நீங்கள் செய்தபோது ஒருத்தரும் தட்டவில்லை. செய்ய வைத்த என்னைக் காறித் துப்பாத குறைதான்.

உங்களை எனக்குப் பிடிக்காது. செத்தவர்களிடம் பொய் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் என்னைப் பிடிக்காது. அதை நீங்கள் ஒரு நாளும் மறைத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் என்னைவிட நேர்மையானவர்.

நான் ஆம்பூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உங்களுக்கு நாற்பத்தைந்து வயது. விடிவதற்குள் கார்ப்பரேஷன் மஸ்டருக்குப் போய் வருகைக்குக் கைநாட்டு வைப்பீர்கள். மூன்று தெரு பெருக்கி, குப்பை வண்டி தள்ளி, வெயில் ஏறியபின் வீடு வருவீர்கள். வந்த வேகத்தில் குழாயடிக்குப் போய்த் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அந்தச் சந்தின் ஏற்றத்தில் இரண்டு குடத்தோடு, நடுவில் நின்று ஒருத்தியோடு சண்டையும் போட்டுவிட்டு, தண்ணீர் தளும்பாமல் வந்து இறக்குவீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வாயும் அதே மாதிரிதான், ஒரு சொட்டு வீணாகாது, யார் மேல் விழ வேண்டுமோ அவர் மேல்தான் விழும்.

என் மேல் விழுந்ததை நான் மறக்கவில்லை. எனக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. பத்தாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தேன். நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்ததும் சரிந்தது. வரிசையில் எட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள், எதிர்வீட்டு மேரி அக்காவும் இருந்தாள். நீங்கள் வந்து என் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கினீர்கள்.

“இந்த இடுப்புல கொடமே நிக்கல. புள்ள எங்க நிக்கப்போவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் பின்னால் பல வருடம் என்னை அரித்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி ஓசூர் போனாள். அப்படியும் அந்த வரிசையில் நின்ற எட்டுப் பெண்களின் பல்லும் எனக்குத் தனித்தனியாக நினைவில் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். மாலை போட்டு அனுப்பினார்கள். உங்கள் மகன் அதற்குள் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பள்ளிக்கூட நாட்களில் கூடப் படித்தவர்கள் உங்களைக் குப்பை வண்டியோடு பார்த்துவிட்டு அவர் முன்னால் மூக்கைப் பிடித்துக் காட்டுவார்களாம். மாலையோடு நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கை வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிவந்து வாசலில் போட்டார். உள்ளே சுவரிலிருந்த புத்தர் படத்தைப் பார்த்துக்கொண்டு, இனி என் அம்மா ஒரு துரும்பைத் தூக்கக் கூடாது என்றார். உங்கள் கண் கலங்கியது. நான் பார்த்து நீங்கள் அழுதது அது ஒரு முறைதான்.

மறுநாள் நீங்கள் வழக்கம் மாறாமல் குழாயடிக்கு வந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். அதே வரிசை, ஏறக்குறைய அதே முகங்கள். உங்கள் இடுப்பிலிருந்து குடத்தை மெதுவாக எடுத்தேன்.

“போதும் அத்தை, எவ்ளோ நாளு சொமந்தீங்க. நீங்க உட்காருங்க அத்தை.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று மேரி அக்கா வாய்மேல் கை வைத்தாள். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். திட்டவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. அவ்வளவு மரியாதையாக ஒருத்தரை அடிக்க முடியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்களைச் சாகடிக்கத் திட்டம் போட்டேன் என்று சொன்னால் அது வெறும் பெருமை. எனக்கு அவ்வளவு தூரம் யோசனை கிடையாது. உங்கள் வீட்டிலேயே உங்களை ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும், அதுதான். குடத்துக்குப் பிறகு ஆட்டுக்கல். பிறகு துணி துவைக்கிற கல். வாசல் பெருக்கக் குனிந்தால் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வேன். மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏறினால் ஓடிவந்து மறிப்பேன். ரேஷன் வரிசைக்கு நானே போனேன். கடைசியில் சோற்றுத் தட்டும் நாற்காலிக்கே வந்தது, கை கழுவச் சொம்பும் வந்தது. முதல் வருடம் முறைத்தீர்கள். இரண்டாம் வருடம் பழகிவிட்டது. மூன்றாம் வருடம் நீங்களே உட்கார்ந்த இடத்திலிருந்து “வசந்தா, தண்ணி” என்று கேட்க ஆரம்பித்தீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உங்கள் தொடை இளைத்ததை நான்தான் முதலில் கவனித்தேன். புடவை மாற்றும்போது பார்த்தேன். வண்டி தள்ளி இறுகியிருந்த சதை, தோலுக்குள் பாதி காலியான பை மாதிரி ஆடியது. வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்தி, ஒரு முறை முன்னால் ஆடி, இரண்டாம் முறைதான் உங்களால் எழ முடிந்தது. பிறகு மூன்றாம் முறை.

அப்புறம் அந்தக் காலை. ஐந்து வீட்டுக்கும் பொதுவான கக்கூஸ் நம் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த உங்களால் எழ முடியவில்லை. பிடித்து எழ அங்கே ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். முதல் தடவையே எனக்குக் கேட்டது. அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தேன், உலையில் போட்டேன், கையைத் துடைத்துக்கொண்டு அதன்பிறகுதான் வந்தேன். நான் கதவைத் தள்ளியபோது ஒரு கையால் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி நடுங்க, தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கடைசியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஒரு கன்னடப் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் உங்கள் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தாள். வீட்டில் என்ன வேலை செய்வார் என்று என்னைக் கேட்டாள். நான் ஒன்றும் செய்ய விடுவதில்லை மேடம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“காலிகே காயிலெ இல்லம்மா, கெலச இல்ல,” என்றாள்.

காலுக்கு நோய் இல்லை, வேலை இல்லை. உங்களுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள், நான் எக்ஸ்ரே கவரைப் பார்த்தேன். வயது ஏற ஏறத்தான் உடம்புக்குக் கனம் தூக்கும் பழக்கம் வேண்டும், ஓய்வு என்று உட்கார வைத்தால் சதை கரைந்துவிடும், அது போனால் கீழே விழுவார், விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றாள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை, காலையும் மாலையும். பழகியதும் கையில் கனம். வாரம் போகப்போகக் கனம் கூட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னீர்கள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டி. சாவுற வரைக்கும் கக்கூசுக்கு நானே போவணும்.”

அன்பால் நான் சரி என்று சொல்லவில்லை. உங்களைத் தூக்கிச் சுமக்கப்போவது நான்தான் என்பது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு உறைத்துவிட்டது.

பத்துக்குப் பத்து அறையில் இடமில்லை, வாசலில்தான் செய்ய வேண்டும். முதல் நாள் ஒரு முறைகூட எழவில்லை. இடுப்புக்குக் கீழே மூன்று தலையணை வைத்து உயரமாக்கினேன். ஒவ்வொரு வாரமும் ஒன்றை உருவினேன். நீங்கள் நாற்காலியின் கையைத் தொட்டால் கரண்டிக் காம்பால் விரலில் தட்டினேன். வலி என்றால், வலிக்கட்டும் என்றேன். தேவடியா என்று திட்டினீர்கள். நான் எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு தண்ணீர் பாட்டில், பிறகு என் பழைய பாவாடையில் தைத்த மணல் பை, பிறகு தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய் கேன். கேனைத் தூக்கி எழும்போது உங்களிடமிருந்து வரும் அந்தச் சத்தத்துக்குச் சந்திலிருந்த கதவெல்லாம் திறக்கும்.

ஊர் ஒரே வாரத்தில் புரண்டது. உங்களை நாற்காலியில் வைத்து உருக்கியபோது என்னைத் தங்கம் என்றவர்கள், எழுப்பியபோது பேய் என்றார்கள். கிழவியைச் சாப்பாட்டுக்கு வேலை வாங்குகிறாள் என்று மேரி அக்கா என் காதுபடவே சொன்னாள். உங்கள் மகன் காலை எட்டுக்குப் போனால் இருட்டியபின் வருகிறவர், கால் பலத்துக்கு ஏதோ பயிற்சி என்றுதான் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்கும்போதே முடித்துவிடுவோம், கேனை அவர் பார்க்கவில்லை.

நான்காம் மாதம் நீங்கள் தனியாகக் கக்கூசுக்குப் போய்வந்தீர்கள். நான் வாசலில் நின்றேன். வெளியே வந்து, புடவையைச் சரிசெய்து, என்னைத் தாண்டிப் போனீர்கள், சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நான் குழாயடியிலிருந்து வரும்போது எதிரே வந்து என் இடுப்பிலிருந்த குடத்தில் கை வைத்தீர்கள். “நவுரு,” என்றீர்கள். பாதிக் குடம்தான், இருபது அடிதான், ஆனால் நீங்களே சுமந்து இறக்கினீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களைப் பிடித்தது. அந்த ஒரு நாள் ரொம்பப் பிடித்தது.

அந்த மாதமே, தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்த உங்கள் மகள் வந்தாள். சொல்லாமல் வந்தாள், ஞாயிற்றுக்கிழமை. சந்து முனையிலேயே மேரி அக்கா அவளைப் பிடித்துக் கதை முழுவதும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் வாசலுக்கு வந்தபோது உங்கள் கையில் கேன், முகமெல்லாம் வேர்வை, நான் முன்னால் நின்று ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போட்ட கூச்சலில் உள்ளே படுத்திருந்த உங்கள் மகன் எழுந்து வந்தார். என் அம்மாவைக் கூலிக்காரி மாதிரி ஆக்கிவிட்டாளே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கேனைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். கோபத்தில் செய்தார் என்றுதான் சந்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கண்ணுக்கு அது தண்ணீர் கேன் இல்லை, நீங்கள் முப்பது வருடம் தூக்கிய குப்பைக் கூடை.

நீங்கள் அவரிடம், நான்தான்டா தூக்குகிறேன், இவள் ஒன்றும் செய்யவில்லை என்றீர்கள். மருமகளுக்குப் பயந்து சொல்கிறீர்கள் என்று அவர் அழுதார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“சொல்லுடி. டாக்டரம்மா சொன்னத அவன்கிட்ட சொல்லு.”

ஆஸ்பத்திரிச் சீட்டு புத்தர் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். சந்தில் இருபது பேர் நின்றிருந்தார்கள். நான்கு மாதமாக என்னைப் பேய் என்ற அத்தனை முகமும் அங்கே இருந்தது. சீட்டைக் காட்டினால், உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியும் வரும். காட்டாவிட்டால், தப்புதான், இனி செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தையில் என் பழைய பெயர் எனக்குத் திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் நான் யோசித்தேன், அத்தை. தடுமாறி வாயில் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்காலியை இழுத்து உங்கள் முட்டிக்குப் பின்னால் போட்டேன்.

“நீங்க உட்காருங்க அத்தை,” என்றேன்.

உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஆஸ்பத்திரிப் பெண் சொன்ன வரிசைப்படிதான் நடந்தது. ஒரு வருடத்துக்குள் தொடை மறுபடி கரைந்தது. ஒரு மழைநாளில் கக்கூஸ் படியிலேயே விழுந்தீர்கள், இடுப்பெலும்பு முறிந்தது. பதினோரு மாதம் படுக்கை. நீங்கள் எது வேண்டாம் என்றீர்களோ அதை நான் ஒரு நாளைக்கு நான்கு முறை செய்தேன். புரட்டினேன், துடைத்தேன், துணி மாற்றினேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். முகம் சுளிக்கவில்லை. மேரி அக்கா தன் மருமகளைக் கூட்டிவந்து என்னைக் காட்டினாள், பார்த்துக் கற்றுக்கொள் என்று.

ஒரு மத்தியானம் உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அப்படியே பேசினீர்கள்.

“கொழாயடில நான் சொன்னதுக்குத்தானேடி?”

ஆமாம் என்றேன். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தேன்.

“அப்பவே ஒரு அறை வுட்டிருக்கலாமில்ல. அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். “உட்காரவும் சொகமாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லணுமில்ல.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போய்விட்டீர்கள். எடுக்கிற அன்று உங்கள் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை என்ற நிலைமை இல்லை. உட்காருவதற்குப் பயம். அதனால்தான் இரண்டு பஸ் மாறி வைட்ஃபீல்டுக்குப் போகிறேன், நான்கு மாடி படியேறுகிறேன். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று தினமும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். எழுகிறேன். நீண்ட நாள் இருப்பேன் போலிருக்கிறது. செத்து உங்களிடம் வந்து சேர எனக்கும் அவசரம் இல்லை.

உங்கள் மகன் போன வருடம் ஓய்வு பெற்றார். காலையிலிருந்து டிவி முன்னால் நாற்காலியில்தான். எழும்போது இரண்டு கையையும் அழுத்தி ஒரு முறை முன்னால் ஆடுகிறார். அந்த ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். நடங்கள், எழுந்து உட்காருங்கள், கொஞ்சம் கனம் தூக்குங்கள் என்று எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்தேன். போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எங்கம்மாவ ராணி மாரி வெச்சிருந்த. என்னையும் அப்பிடியே வெச்சுக்கோ.”

டிவியை நிறுத்தினேன். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, குடம், அரிசி கழுவிய காலை, சீட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சொல்லுடி என்று என்னைப் பார்த்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் சேர்க்கவில்லை. முடிந்தபிறகு அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“கக்கூஸ்லருந்து அம்மா எத்தினி வாட்டி கூப்ட்டாங்க?”

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

“ஏழு,” என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகுகிறார். என்னோடு பேச்சு இல்லை. வாய்விட்டு அவரே எண்ணிக்கொள்கிறார். பத்து செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பத்து செய்ய அவர் காலில் இன்னும் பலம் இருக்கிறது. ஆனால் ஏழு வந்ததும் நிறுத்திவிட்டு, நான் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்க்கிறார். எட்டு என்று அவர் சொல்கிறாரா என்று நான் பஸ்ஸைத் தவறவிட்டுக்கூட நின்று கேட்கிறேன், அத்தை. இன்றைக்கும் சொல்லவில்லை.